1/48 எஃப்-14ஏ டாம்கேட்: மூன்று சாம்பல் பூச்சும் கப்பல்தள அழுக்கும்

வால்துடுப்பு:
வணக்கம். டாமியாவின் 1/48 எஃப்-14ஏ டாம்கேட் (அமெரிக்கக் கடற்படைப் போர் விமானம்) மாடலில் ஒட்டும் வேலை முடிந்து பிரைமருக்குக் காத்திருக்கிறது. 1980களின் பிற்பகுதியில் விமானந்தாங்கிக் கப்பலில் பல மாதம் ஓடிக் களைத்த விமானமாக, மூன்று சாம்பல் கொண்ட டிபிஎஸ் (எளிதில் கண்ணில் படாத மங்கலான போர்ப்பூச்சு) பூச்சில் செய்ய ஆசை. கையில் இருப்பவை: 0.3 மி.மீ. நாசில் ஏர்பிரஷ், டேங்க் வைத்த கம்ப்ரசர், மிஸ்டர் கலர் லாக்கர், டாமியா பேனல் லைன் ஆக்சென்ட், நாலைந்து ஆயில் பெயின்ட் டியூப். எந்தச் சாம்பல் எங்கே வரும்? அழுக்கை எந்தக் கட்டத்தில் தொடங்குவது? இணையத்தில் பார்க்கும் பல மாடல்களில் பேனல் கோடு ஒவ்வொன்றும் கறுப்பாக நிற்கிறது. உண்மையில் அப்படித்தான் இருக்குமா?

கப்பல்தளம்:
கடைசிக் கேள்விதான் முக்கியமானது தம்பி, அதிலிருந்தே வருகிறேன். அப்படி இருக்காது.

1970களில் டாம்கேட் பளபளப்பாக இருந்தது. மேலே எஃப்எஸ் (அமெரிக்க அரசின் நிற எண் வரிசை) 16440 கல் கிரே (கடற்புறாச் சாம்பல்), அடியில் 17875 வெள்ளை. பிறகு முழு விமானமும் பளபளப்பான 16440. 1980களின் தொடக்கத்தில் மங்கலான டிபிஎஸ் வந்தது: முதுகிலும் இறக்கை மேற்புறத்திலும் 35237, பக்கவாட்டில் 36320, அடியில் 36375. மிஸ்டர் கலரில் இவை முறையே சி337, சி307, சி308. படைப்பிரிவுக்குப் படைப்பிரிவு, ஏன் ஒரே பிரிவின் இரண்டு விமானங்களுக்கு இடையிலேயே எல்லைக்கோடு மாறும். அதனால் நீங்கள் செய்யப்போகும் விமானத்தின் படத்தை, முடிந்தால் அதே ஆண்டுப் படத்தை, முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

மங்கலான பூச்சு எண்ணெயையும் கைரேகையையும் பூட்ஸ் கறையையும் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், கழுவினாலும் முழுதாகப் போகாது. கூடவே கடல் உப்பு. அலுமினியத்தில் அரிப்பு தொடங்கிய இடத்தையெல்லாம் பராமரிப்பாளர்கள் சுரண்டி, பிரைமர் தடவி, கையில் கிடைத்த சாம்பலைப் பூசுவார்கள். புதுச் சாம்பலும் வெயிலில் வெளுத்த பழைய சாம்பலும் ஒத்துப்போகாது. அந்த ஒட்டுப்போட்ட தோற்றம்தான் கப்பல் டாம்கேட்டின் அடையாளம். எனவே வெதரிங்கில் (பழசாக்கிக் காட்டும் வேலையில்) முக்கால் பங்கு ஏர்பிரஷிலேயே, பூச்சு போடும்போதே நடந்துவிட வேண்டும். கடைசியில் வாஷ் (கோடுகளில் ஓடவிடும் நீர்த்த அடர்நிறம்) ஊற்றி அதை வரவழைக்க முடியாது.

உப்புத்தாள்:
பூச்சுக்கு முன்னால் உடம்பைத் தயார் செய்ய வேண்டும்.

வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் இரண்டு சொட்டு விட்டு, மென்மையான பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஒரு துடைப்பு. அதற்குப் பிறகு கையுறை இல்லாமல் தொடக்கூடாது. விரல் எண்ணெய் இருந்த இடத்தில்தான் பின்னால் மாஸ்கிங் டேப்போடு பெயின்ட் உரிந்து வரும்.

பிரைமர்: மிஸ்டர் சர்ஃபேசர் 1500 கறுப்பு ஒரு பங்கு, மிஸ்டர் லெவலிங் தின்னர் இரண்டு பங்கு. காற்றழுத்தம் 15 முதல் 18 பிஎஸ்ஐ. மெல்லிய மூன்று கோட், நடுவில் ஐந்து பத்து நிமிட இடைவெளி. கறுப்பில் ஒட்டுக்கோட்டின் மிச்சமும் கீறலும் உடனே கண்ணில் படும். இன்டேக்கின் (எஞ்சினுக்குக் காற்று போகும் வாய்) உள் இணைப்பையும் முதுகின் இணைப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். குறை தெரிந்தால் புட்டி வைத்து, 800, 1000, 1500 என்று உப்புத்தாளை ஈரத்தில் ஓட்டி, அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி பிரைமர்.

இன்டேக் உள்ளே வெள்ளை, சக்கரக்குழி வெள்ளை, அதன் கதவு விளிம்பு சிவப்பு. இவற்றை முதலில் அடித்து, பஞ்சு அல்லது ஸ்பாஞ்ச் வைத்து அடைத்துவிட்டு வெளிப்பூச்சுக்குப் போங்கள். கறுப்பின் மேல் வெள்ளை ஏறுவது கஷ்டம். நடுவில் ஒரு வெளிர்சாம்பல் கோட் கொடுத்தால் வெள்ளை இரண்டே கோட்டில் நிற்கும்.

இன்னொன்று. லாக்கர் புகை விளையாட்டு இல்லை. ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் பொருத்திய மாஸ்க் கட்டாயம். துணி மாஸ்க்கோ தூசி மாஸ்க்கோ இதைத் தடுக்காது. அறையில் விளக்கு, ஊதுவத்தி, கேஸ் அடுப்பு எதுவும் எரியக்கூடாது.

மழைக்குருவி:
கப்பல்தளம் சாரோடு ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். பேனல் கோடுகளில் முன்கூட்டியே கறுப்பு அடித்து, மேலே சாம்பலை மெல்லியதாகப் போடும் ப்ரீ-ஷேடிங் எளிதான வழி. முதல் ஜெட் செய்பவருக்கு அது போதும். டாம்கேட்டில் பேனல் ஓரங்களில் அழுக்கு சேருவதை எத்தனையோ படங்களில் பார்க்கலாம். பிளாக் பேசிங் (கறுப்பு அடித்தளத்தின் மேல் நிறத்தைப் புள்ளி புள்ளியாக ஏற்றுவது) என்று நாள்கணக்கில் புள்ளி போட்டுக்கொண்டிருந்தால் பொறுமை போய்விடும்.

கப்பல்தளம்:
ஓரங்களில் அழுக்கு சேருவது சரிதான் குருவி. ஆனால் எல்லா ஓரத்திலும் ஒரே அளவு சேராது. தினமும் திறக்கும் எஞ்சின் கதவு, எண்ணெய் பார்க்கும் சிறு மூடி, ஏணிக் கதவு இவற்றைச் சுற்றி மொத்தமாக இருக்கும். இறக்கை நடுவில் எப்போதாவது திறக்கும் பேனலில் ஒன்றுமே இருக்காது. ப்ரீ-ஷேடிங் இரண்டையும் சமமாக்கிவிடுகிறது. விமானம் சதுரம் சதுரமாக, கட்டம் போட்ட லுங்கி போலத் தெரிவது அதனால்தான்.

வால்துடுப்பு தம்பிக்கு முழு முறையும் சொல்கிறேன்.

கறுப்பு பிரைமர் மேல் முதல் சுற்று. சாம்பல் ஒரு பங்கு, லெவலிங் தின்னர் மூன்று பங்கு. அழுத்தம் 10 முதல் 12 பிஎஸ்ஐ. ஏர்பிரஷ் முனை பரப்பிலிருந்து ஒன்று முதல் இரண்டு செ.மீ. தூரத்தில். ஒவ்வொரு பேனலின் உள்ளேயும் ஒழுங்கில்லாமல் கிறுக்குங்கள்: புள்ளி, சுழி, உடைந்த கோடு. ஓரத்தில் கொஞ்சம் கறுப்பு விட்டால் போதும், சில பேனல்களில் அதையும் விடவேண்டாம். ட்ரிக்கரைக் கொஞ்சமாக இழுத்து, கையை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். நின்ற இடத்தில் எட்டுக்கால் பூச்சி போல் பெயின்ட் சிதறும்.

இரண்டாவது சுற்று, எல்லாவற்றையும் சேர்க்கும் கோட். அதே சாம்பல், தின்னர் ஐந்து பங்கு வரை. 15 பிஎஸ்ஐ, எட்டு பத்து செ.மீ. தள்ளி, மூடுபனியாக. கறுப்பும் சாம்பலும் கலந்து கிட்டத்தட்ட ஒரே நிறமாகத் தோன்றும், ஆனால் சாய்த்துப் பார்த்தால் உள்ளே ஏதோ அசையும். அங்கே நிறுத்த வேண்டும். இன்னும் ஒரு கோட் என்ற ஆசையில்தான் செய்த வேலை முழுக்க மூடிப்போகிறது.

மூன்றாவது சுற்றுதான் டச்-அப், பராமரிப்பாளர்கள் பூசிய அந்த ஒட்டுகள். சி337-ஐ ஐந்து சின்னக் கிண்ணங்களில் பிரியுங்கள். ஒன்றில் சில சொட்டு வெள்ளை, ஒன்றில் சி308, ஒன்றில் சி307, ஒன்றில் துளி நீலம், ஒன்றில் துளி பழுப்பு. அசலில் ஒரு டச்-அப் ஒட்டு சாதாரணமாக 10 முதல் 30 செ.மீ. அகலம். 1/48-இல் அது 2 முதல் 6 மி.மீ. இந்த அளவைத் தாண்டினால் கண்ணுக்குப் பொம்மையாகத் தெரியும். அழுத்தத்தை 8 முதல் 10 பிஎஸ்ஐக்குக் குறைத்து, நீடில் கேப்பைக் கழற்றிவிட்டு, ரிவெட் வரிசை, பேனல் மூலை, கதவு விளிம்பு இவற்றின் மேல் சிறு கறைகளாக வையுங்கள். சில ஒட்டுகளுக்கு ஸ்டிக்கி நோட்டின் ஓரத்தைத் தடுப்பாகப் பிடித்து ஒரு பக்கம் மட்டும் கூர்மையாக வெட்டுப்படச் செய்யலாம். பக்கத்துக்கும் அடிக்கும் இதே முறை. அடியில் வெளிர்சாம்பல் என்பதால் அழுக்கு அங்கே அதிகம் தெரியும்.

வால்துடுப்பு:
நன்றி சார். மூன்று சாம்பலும் சந்திக்கும் எல்லையை டேப் ஒட்டி அடிப்பதா, கையாலேயே அடிப்பதா? இன்னொரு சந்தேகம். இறக்கை வேரில் பரப்பு மணல் தூவியதுபோல் சொரசொரப்பாக இருக்கிறது. சோதனைக்காக கிளியர் கோட் அடித்த உதிரித் துண்டு வெள்ளை பூத்து நிற்கிறது. இங்கே கடலோர ஊர், ஈரப்பதம் அதிகம்.

உப்புத்தாள்:
இரண்டும் வேறு வேறு கோளாறு.

சொரசொரப்பு: பெயின்ட் பரப்பைத் தொடுவதற்குள் காற்றிலேயே காய்ந்து தூளாக விழுகிறது. இறக்கை வேர் போன்ற உள்மூலையில் காற்று மோதித் திரும்புவதால் இது அங்கேதான் முதலில் வரும். அழுத்தத்தைக் குறைத்து, கிட்டே போய், தின்னரைக் கூட்டுங்கள். ஏற்கெனவே விழுந்ததை 2000 உப்புத்தாளில் சோப்புத் தண்ணீர் தொட்டு லேசாகத் தடவினால் போய்விடும். அழுத்தித் தேய்த்தால் கீழே கறுப்பு வரும். ஊசி முனையில் காயும் பெயின்ட்டை அவ்வப்போது தின்னர் நனைத்த காதுப் பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். துப்பல் துப்பலாக வருவது பெரும்பாலும் அதனால்தான்.

வெள்ளை பூப்பது: தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. வேகமாக ஆவியாகும் சாதாரண லாக்கர் தின்னரில் இது அதிகம். லெவலிங் தின்னரில் ரிட்டார்டர் கலந்திருப்பதால் மெதுவாகக் காயும், ஈரம் வெளியேற நேரம் கிடைக்கும். பூத்த துண்டின் மேல் வெறும் லெவலிங் தின்னரை மெல்லிய பனியாக அடித்துப் பாருங்கள், பல நேரம் வெள்ளை கரைந்து போகும். கம்ப்ரசரில் மாய்ஸ்சர் ட்ராப் இருக்கட்டும், டேங்கின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மழை பெய்யும் நாளில் கிளியர் கோட்டைத் தொடவே வேண்டாம். ஏசி அறை இருந்தால் அரை மணி ஓடவிட்டு அடிக்கலாம்.

எல்லைக்கோடு: அசலில் மங்கல் அகலம் சில செ.மீ.தான், உங்கள் அளவில் ஏறக்குறைய ஒரு மி.மீ. டேப்பின் கூர்மையும் கூடாது, ஒரு செ.மீ. பரவலும் கூடாது. ஒட்டும் பசைக்களிமண்ணை மூன்று மி.மீ. திரியாக உருட்டி எல்லையில் வைத்து, அதற்கு வெளியே டேப் போட்டு மறைத்துவிட்டு, செங்குத்தாக அடியுங்கள். சாய்த்து அடித்தால் திரியின் அடியில் பெயின்ட் புகுந்துவிடும். டேப்பை முதலில் உள்ளங்கையில் ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்துக்கொண்டு பிறகு மாடலில் ஒட்டுங்கள்.

தூரிகைச்செல்வி:
டீகால் (நீரில் நனைத்து ஒட்டும் எழுத்து, சின்னப் படலம்) பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. டாம்கேட்டில் ஸ்டென்சில் (சிறு குறிப்பு எழுத்துகள்) மட்டுமே ஒரு மாலை வேலை.

மங்கல் பரப்பின் மேல் நேரடியாக டீகால் வைத்தால் அடியிலுள்ள மேடுபள்ளத்தில் காற்று தங்கி, படலம் வெள்ளியாக மின்னும். அதனால் முதலில் பளபளப்பு கோட். மிஸ்டர் கலர் ஜிஎக்ஸ்100-உம் லெவலிங் தின்னரும் சம பங்கு, மெல்லிய இரண்டு கோட், ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு மார்க் செட்டர் (டீகாலைப் பிடிக்க வைக்கும் திரவம்) தடவி, டீகாலை வைத்து, ஈரப் பஞ்சை நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டித் தண்ணீரை வெளியேற்றுங்கள். அரைகுறையாகக் காய்ந்ததும் பேனல் கோட்டின் மேல் மார்க் சாஃப்டர் (டீகாலை இளக்கும் திரவம்). சாஃப்டர் பட்டதும் டீகால் சுருங்கி நெளியும். பதறித் தொடாதீர்கள், தானே இழுத்துக்கொண்டு படியும். தொட்டால்தான் கிழியும். காய்ந்த பிறகும் வெள்ளி தெரிந்தால் ஊசியால் இரண்டு மூன்று குத்து, அதன்மேல் சாஃப்டர்.

முக்கியமானது: அழுக்கான உடம்பில் புத்தம்புது எழுத்து பொருந்தாமல் தனித்து நிற்கும். டீகால் மேல் ஒரு பளபளப்பு கோட் போட்ட பிறகு, சி308-ஐ ஒன்றுக்கு எட்டு தின்னரில் கரைத்து, எண்களின் மேலும் நட்சத்திரத்தின் மேலும் அங்கங்கே ஒரு மூச்சு அடியுங்கள். எழுத்தின் ஒரு ஓரத்தை டச்-அப் சாம்பல் லேசாகத் தின்றதுபோல் செய்தால் இன்னும் நன்றாக வரும்.

வால்துடுப்பு:
அக்கா, அடுத்து வாஷ்தானே? எனாமல் வாஷில் பிளாஸ்டிக் வெடிக்கும் என்று படித்தேன். அது உண்மையா?

தூரிகைச்செல்வி:
உண்மைதான். எனாமல் தின்னர் பூச்சில்லாத பிளாஸ்டிக்கில் ஊறி, இழுவை இருக்கும் இடத்தில் விரிசல் விடும். வலுக்கட்டாயமாகச் சொருகிய இணைப்பு, தரையிறங்கும் கால், சக்கர அச்சு இவைதான் ஆபத்தான இடங்கள். பளபளப்பு கோட் முழுதாகப் படிந்த பரப்பில் பயமில்லை. பிரஷ் நுனியால் கோட்டைத் தொட்டு ஓடவிடுங்கள், குளமாகத் தேக்காதீர்கள். பதினைந்து இருபது நிமிடம் கழித்து, எனாமல் தின்னர் தொட்டுப் பிழிந்த காதுப் பஞ்சால் காற்று ஓடும் திசையில் துடையுங்கள்.

நிறம் கறுப்பு வேண்டாம். மேலே அடர்சாம்பல், அடியில் அடர்பழுப்பும் சாம்பலும் கலந்தது. வெள்ளைச் சக்கரக்குழியில் நடுத்தரச் சாம்பல் போதும். கறுப்பு போட்டால் குழி கோட்டுச்சித்திரமாகிவிடும். இறக்கை அசையும் இணைப்பு, ஃப்ளாப் இடைவெளி போன்ற உண்மையான பிளவுகளில் மட்டும் ஒரு படி கூடுதல் அடர்த்தி.

நீர்க்காகம்:
இனி ஆயில் பெயின்ட். டாம்கேட்டுக்கே உரிய மூன்று அழுக்குகளை மட்டும் சொல்கிறேன்.

முதலில், இறக்கை உரசிய வளைவுகள். இறக்கை 20 டிகிரியிலிருந்து 68 டிகிரி வரை பறக்கும்போது மடங்கும், கப்பல் தளத்தில் நிறுத்த 75 வரை போகும். இறக்கை உள்ளே நுழையும் இடத்தில் காற்றடைத்த சீல் பைகள் மேற்பரப்பை அழுத்திக்கொண்டிருக்கும். அதனால் இறக்கை வேரின் மேல் அழுக்கு வளைவு வளைவாகத் தேய்ந்திருக்கும். எல்லா வளைவுக்கும் மையம் ஒன்றுதான், இறக்கையின் சுழல் அச்சு. மாடலில் இதைத் தவறவிடுபவர்கள் விமானத்தின் நீளவாக்கில் நேர்க்கோடாக இழுத்துவிடுகிறார்கள், உடனே பொய்யாகத் தெரிகிறது. சுழல் அச்சு இருக்கும் இடத்தில் காம்பஸ் முள்ளைக் கற்பனையாக வைத்து, மெல்லிய அட்டையில் நாலைந்து வளைவு வெட்டிக்கொள்ளுங்கள். ஆயில் நிறத்தில் பேய்ன்ஸ் கிரேயோடு (நீலம் கலந்த அடர்சாம்பல்) கொஞ்சம் ரா அம்பர் (பழுப்பு). தட்டை பிரஷில் எடுத்து, தாளில் துடைத்து, ஏறக்குறைய உலர்ந்த நிலையில் அட்டையின் ஓரத்தோடு இழுங்கள். சில வளைவு அடர்த்தி, சில வளைவு சுத்தமாகத் தேய்ந்த வெளிர். இரண்டும் மாறி மாறி வர வேண்டும்.

இரண்டாவது, பூட்ஸ். இரண்டு எஞ்சினுக்கு நடுவிலுள்ள தட்டையான முதுகிலும் காக்பிட் பின்னாலும் ஆட்கள் நடப்பார்கள். கிழித்த ஸ்பாஞ்சால் அதே கலவையை ஒற்றி, இன்னொரு உலர்ந்த ஸ்பாஞ்சால் தேய்த்து மங்கடியுங்கள். இதற்குத் திசை கிடையாது.

மூன்றாவது, கசிவு. எஞ்சின் கூட்டின் அடியில் கதவு இணைப்புகளிலிருந்து எண்ணெய் பின்னோக்கி ஓடும். ஹைட்ராலிக் எண்ணெய் சிவப்பு, அழுக்கோடு சேர்ந்து செம்பழுப்பாகும். இங்கே காற்றின் திசை. ஆனால் பக்கவாட்டிலும் வாலிலும் நேர்க்கீழாக ஒழுகிய கோடுகளும் வேண்டும். கப்பலில் விமானம் பறக்கும் நேரத்தைவிட நிற்கும் நேரமே அதிகம், அழுக்கை மழையும் கடல் ஈரமும் கீழ்நோக்கித்தான் இழுக்கும்.

முறை: ஆயில் பெயின்ட்டை முதலில் அட்டைத்துண்டில் பிதுக்கி இரண்டு மூன்று மணி வையுங்கள், லின்சீட் எண்ணெயை அட்டை உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெய் போகாவிட்டால் நாள்கணக்கில் காயாது, மினுக்கமும் நிற்கும். இதைப் பளபளப்புப் பரப்பில் செய்யாதீர்கள், வழுக்கிக்கொண்டு துடைபட்டுப்போகும். வாஷ் முடிந்ததும் ஒரு மங்கல் கோட், ஜிஎக்ஸ்114 ஒன்றுக்கு இரண்டு தின்னர். அதன் மேல் ஆயில் பிடித்து நிற்கும். நிறம் தேவைக்கு மேல் பரவும் என்று பயந்தால், அந்த இடத்தை மட்டும் வாசனையில்லாத ஒயிட் ஸ்பிரிட்டால் லேசாக நனைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

மூக்கின் இடது பக்கம் 20 மி.மீ. எம்61 பீரங்கி இருக்கிறது. அதன் வாயிலிருந்து பின்னோக்கி மெல்லிய புகைக்கறை. பெயின்ட்டைவிட பிக்மெண்ட் தூள் இதற்கு நன்றாக வரும். வலது பக்கம் போட்டுவிடாதீர்கள்.

மழைக்குருவி:
வளைவுக் குறிப்பு அருமை நீர்க்காகம் சார். விமானத்தின் எஞ்சின் நாசிலுக்கு (பின்பக்கப் புகைவாய்) அல்கிளாட் உலோகப் பெயின்ட்டில் ஜெட் எக்ஸாஸ்ட் நிறம் போதுமா? இரண்டு நாசிலும் ஒரே மாதிரியா?

நீர்க்காகம்:
எஃப்-14ஏ-யின் டிஎஃப்30 எஞ்சின் நாசில் வெளி இதழ்கள் அடர்த்தியான கருகிய உலோகம். பி, டி வகைகளின் எஃப்110 நாசிலோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், வடிவமே வேறு. ஜெட் எக்ஸாஸ்ட் அடிநிறம். அதன் மேல் ஒன்றுவிட்டு ஒன்றாக இதழ்களை மறைத்து பேல் பர்ன்ட் மெட்டல், மெக்னீசியம் இரண்டையும் மெல்ல அடியுங்கள். ஒவ்வொரு இதழும் துளியாவது மாறித் தெரிய வேண்டும். ஓரத்தில் புகை நிற பிக்மெண்ட். கண்ணாடிபோல் மின்னும் அல்கிளாட் நிறங்களுக்குத்தான் பளபளக்கும் கறுப்பு அடித்தளம் கட்டாயம், ஜெட் எக்ஸாஸ்டுக்குத் தேவையில்லை. ஆஃப்டர்பர்னர் குழாயின் உட்புறத்தை முழுக் கறுப்பாக விடாதீர்கள். வெளிர்சாம்பலில் தொடங்கிக் கரிக்கோடு இழுத்தால்தான் ஆழம் தெரியும்.

நிறுத்தி வைத்த எஃப்-14ஏ படங்களில் ஒரு நாசில் திறந்தும் இன்னொன்று மூடியும் இருப்பது சர்வசாதாரணம். படத்தைப் பார்த்து அப்படி வைத்தால் பின்பக்கத்துக்கே உயிர் வந்துவிடும்.

வால்துடுப்பு:
இதே மாடலை ஈரான் விமானமாகச் செய்தால் இந்த அழுக்கெல்லாம் பொருந்துமா?

கப்பல்தளம்:
பாதிதான் பொருந்தும். ஈரான் 80 கேட்டு 79 பெற்றது. அவை தரைத்தளத்தில், வறண்ட நாட்டில் ஓடியவை. மணல், பழுப்பு, பச்சை மேலே, வெளிர்சாம்பல் அடியில். உப்பு அரிப்புக்கான டச்-அப் ஒட்டுகளை விட்டுவிடுங்கள், வெயிலில் வெளுப்பதைக் கூட்டுங்கள். இறக்கை வளைவும் எஞ்சின் கசிவும் அப்படியே வரும், அவை இயந்திரத்தின் குணம்.

மழைக்குருவி:
அளவுக்கேற்ப நிறத்தை வெளுக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். 1/48-க்குப் பத்து சதவீதம் வெள்ளை கலப்பது என் வழக்கம்.

கப்பல்தளம்:
டிபிஎஸ்-இல் எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த மூன்று சாம்பலுக்கும் இடையே வித்தியாசமே குறைவு. மூன்றிலும் வெள்ளை ஏற்றினால் 36320-உம் 36375-உம் ஒன்றாகிவிடும். டச்-அப் ஒட்டுகளே மொத்த நிறத்தை வெளுத்துக் காட்டும், தனியாக வெள்ளை தேவையில்லை. பளபளப்பான 16440 பூச்சில் செய்வதானால் நீங்கள் சொல்வது சரி.

தூரிகைச்செல்வி:
என் ஓட்டு குருவிக்கு, மேல் நிறத்துக்கு மட்டும். வீட்டு விளக்கில் 35237 எதிர்பார்த்ததைவிட அடர்த்தியாக நிற்கும்.

தம்பி, கடைசி மங்கல் கோட்டுக்குப் பிறகு மூன்று வேலை மறக்காதீர்கள். எண்ணெய்க் கசிவின் மேல் மட்டும் செமி-கிளாஸ் கிளியரைப் பிரஷால் தொட்டு ஈரம் காட்டுங்கள். தரையிறங்கும் கால்களின் ஓலியோ கம்பியில் (அதிர்வு தாங்கும் பளபளப்பான தண்டு) குரோம் பேனாவை ஓட்டுங்கள், மங்கல் கோட் அதன்மேல் பட்டால் பளபளப்பு செத்துவிடும். கேனப்பி (காக்பிட் கண்ணாடி மூடி) டேப்பை எடுக்கும் முன் ஓரத்தில் புது பிளேடால் ஒரு மெல்லிய கீறல் போட்டுவிட்டு, மேல்நோக்கி இழுக்காமல் பரப்போடு மடக்கி இழுங்கள். பெயின்ட் விளிம்பு உடையாமல் வரும்.